தண்டவாளம் கூப்பிட்ட ஞாயிறு

அத்தியாயம் 9

பானையில் இனி ஒரு பிடிக்குக்கூட இடமில்லை.

விடியற்காலையில் கஞ்சிக்கு அரிசி எடுத்த ஜெயம், வழக்கம்போல ஒரு பிடியைத் தனியே அள்ளிப் பானைக்கு மேலே கையை நீட்டினாள். விரலை விரித்தால் அரிசி தரையில்தான் விழும். மூடிய கையோடு அப்படியே நின்றாள்.

சோறாக்கும்போதெல்லாம் ஒரு பிடி ஆண்டவருக்கு என்று எடுத்துவைப்பது அவர்கள் சபைப் பெண்களின் வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுப் பிடியரிசியும் கோயிலில் ஒரே கூடையில் வந்து விழும். விழுப்புரத்தில் இருந்தவரை அது தவறியதில்லை. சின்னதுரைக்கு ரயில்வேயில் மாற்றல் வந்து, குடும்பம் திண்டிவனத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும் பிடி நிற்கவில்லை. கூடைதான் இல்லாமல் போயிற்று.

"இன்னா, பானையப் பாத்துக்கினு நிக்கிற?" என்றான் சின்னதுரை, வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே.

"நெறஞ்சி போச்சிங்க."

"நல்லதாப் போச்சு. இன்னிக்கும் கோயிலு அமையலன்னா நாளைக்கு அதைத்தான் உலையில போடப்போற. நாம கேப்பைக் கூழு குடிச்சிக்கினு இருப்போம், சாமி அரிசி பானையில புழுத்துக்கினு கெடக்கும், இது இன்னா ஞாயம்? கோயிலு தேடறதுக்கு இதான் கடைசி ஞாயித்துக்கெழமை. அப்புறம் அவங்கவங்க வூட்லயே ஜெபம் பண்ணிக்கலாம்."

கோபத்தில் சொல்லவில்லை, அலுப்பில் சொன்னான். ஜெயத்துக்கு அது தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது. கோபம் என்றால் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும்.

அவன் அலுத்துப்போனதிலும் குற்றமில்லை. டவுனில் அவர்கள் முதலில் போன கோயிலில் வாசலில் நின்றவர், "எந்தத் தெரு? யாரு வூட்டு ஆளுங்க?" என்று கேட்டார். பதில் சொன்னதும் பின்னால் விரித்திருந்த பாயைக் காட்டினார். முன்னால் பெஞ்சுகள் பாதி காலியாகக் கிடந்தன. சின்னதுரை பாயில் உட்கார்ந்தான். பாட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிட்டான்.

அடுத்ததாகக் கூட்டேரிப்பட்டில் ஒரு கீற்றுக் கொட்டகை. அங்கே வாசலிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், அதைப் பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவர்கள் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, எல்லாரும் ஏரியில் மறுபடியும் முழுகி எழவேண்டும் என்றார்கள். "என் தலையில தண்ணி ஊத்தின பாதிரி ஐயரு பொய்யா?" என்று சின்னதுரை கேட்டான். அவனுடைய அக்கா அம்மணியோ அதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தாள்.

"எனக்குத் தண்ணியில கண்டம்டா தொரை. சாமிக்கு என்னைப் புடிச்சிருந்தா காஞ்ச தரையிலயே புடிச்சிக்கட்டும்."

அம்மணி அப்படித்தான். புருஷன் பெயர் விருத்தாசலம். தண்டவாளம் பழுதுபார்க்கும் ரயில்வே கேங்கில் மேஸ்திரியாக இருந்தவன். ஓர் ஐப்பசி மாதம் வேலைக்குப் போனவன் போனவன்தான். செத்தானா, இருக்கிறானா, ஒரு தகவலும் இல்லை. அம்மணி தாலியைக் கழற்றவில்லை, தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள், வாய் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று.

மூன்றாவதாக இன்று போகப்போவது கிளியனூர்ப் பக்கத்து ஜெபவீடு. சின்னதுரையோடு வேலை செய்யும் வேங்கடேசன் சொன்னது. "பெஞ்சும் கெடையாது, பாயும் கெடையாது. எல்லாரும் தரையிலதான் குந்துவாங்க" என்றிருந்தான்.

"எல்லாருமே தரையிலன்னா போவலாம்" என்று சின்னதுரை சொல்லியிருந்தான்.

ஜெயம் கையிலிருந்த பிடியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பானையின் வாயை வெள்ளைத் துணியால் கட்டினாள். மகள் சுகிர்தத்துக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னும்போது விழுப்புரத்து நாட்கள் நினைவுக்கு வந்தன.

சின்னதுரையின் காலில் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டை விழுந்து அவன் படுத்துக்கிடந்த காலம் அது. சபைப் போதகரின் மனைவி ஐயரம்மா வாராவாரம் வருவார். முந்தானைக்குள் அரிசி இருக்கும். "ஜெயத்துக்குக் கொஞ்சம் முருங்கைக்கீரை குடுக்க வந்தேன்" என்று அக்கம்பக்கம் கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து அரிசியைக் கொட்டிவிட்டுப் போவார். எல்லாம் அந்தக் கூடை அரிசி. எந்த வீட்டுப் பிடி, எவள் கைப் பிடி என்று ஜெயத்துக்கு இன்றுவரை தெரியாது. யாரிடம் போய் நன்றி சொல்வாள்? திரும்ப ஒரு பிடி வைப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த அரிசியை உலையில் போடு என்றால் எப்படிப் போடுவாள்?

பாண்டிச்சேரி பஸ்ஸில் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பானையில இன்னாம்மா, மீனா?" என்று கண்டக்டர் கேட்டான். "ஆமாண்டாப்பா, வெள்ளை மீனு. உனக்கு வேணுமா?" என்றாள் அம்மணி.

பஸ்ஸைவிட்டு இறங்கி, வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே வண்டிப்பாதையில் நடந்தார்கள். வானம் மூடியிருந்தது. ஜெபவீடு கண்ணில் பட்டதும் ஜெயத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. மண் சுவர், சுண்ணாம்பு அடித்தது. ஓட்டுக் கூரை. முகப்பில் மரச்சிலுவை. உள்ளே சாணம் மெழுகிய தரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே மட்டம். மேடை என்றுகூட ஒன்றும் இல்லை.

ஆனால் ஓர் ஆள் இல்லை. பக்கத்துத் தெருவிலும் சத்தமில்லை. கோழிகள் மட்டும் மேய்ந்தன.

"பாத்தியா?" என்றான் சின்னதுரை. "ஆளே இல்லாத கோயிலுக்குக் கூட்டியாந்துட்டான் வேங்கடேசன். வா, அடுத்த பஸ்ஸப் புடிக்கலாம்."

"கொஞ்சம் இருங்க. வருவாங்க."

"யாரு வருவாங்க? சாமியா?"

வாசலில் ஒரு புங்கமரம். அதன் கிளையில் கயிறு கட்டி ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் இரும்புத் தடி. சின்னதுரை கிட்டே போய்த் தடவிப் பார்த்தான். அலுப்பையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, இங்க பாரு. நம்ம தண்டவாளம்! எவனோ ரயில்வேயையே காணிக்கை போட்டிருக்கான்."

"அப்ப நமக்கும் இதுல பாத்தியதை இருக்குது" என்று அம்மணி தடியைக் கையில் எடுத்தாள். "மணியடிக்காம எந்த ஊர்ல சனம் கோயிலுக்கு வந்துச்சு? தள்ளுடா."

கேங்கில் ஆட்களைக் கூட்டுவதற்கு ஒரு முறை உண்டு. தண்டவாளத்தில் ஓங்கி ஓர் அடி. அந்தச் சத்தம் முழுக்க அடங்கவேண்டும். பிறகு இன்னோர் அடி. மறுபடியும் அடங்கவேண்டும். விருத்தாசலம் அடித்தால் இரண்டு கல் தொலைவில் வேலை செய்கிறவன்கூடக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான் என்பார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள் அம்மணி. அதே மாதிரி அடித்தாள்.

டங்...

டங்...

டங்...

நல்ல இரும்பு. சத்தம் கொல்லைகளைத் தாண்டிப் போயிற்று.

முதலில் ஒரு பெண்ணின் கூச்சல் கேட்டது. பிறகு நாலா பக்கமும் கூச்சல். கொல்லைக்குள்ளிருந்து ஆணும் பெண்ணுமாக ஓடிவந்தார்கள். கை முழுக்கச் செம்மண், தலையில் சருகு. ஒருத்தி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு கோயிலைக் கடந்து நேரே தெருவுக்குள் ஓடினாள்.

"யாரு? யாரு போனது?" என்று ஓடிவந்தவர்கள் கேட்டார்கள்.

சின்னதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரும் போவலிங்க. நாங்க இப்பத்தான் வந்தோம்" என்றான்.

"சாவு மணி அடிச்சிட்டு யாரும் போவலன்னா?"

ஜெயத்துக்கு அப்போதுதான் உறைத்தது. விட்டு விட்டு அடித்தால் இந்த ஊரில் சாவு.

தெருவுக்குள் ஓடினவள் திரும்பி வந்தாள். பாஞ்சாலி என்று பெயர். பின்னாலேயே கம்பளியைப் போர்த்துக்கொண்டு தடியூன்றி ஓர் ஆள். அவள் புருஷன் மண்ணாங்கட்டி. காய்ச்சலில் பல நாளாகப் படுத்த படுக்கை.

"மணி கேட்டுச்சு" என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டே. "இந்த ஊர்ல சாவறதுக்குத் தோதா இருக்கிறவன் நான் ஒருத்தன்தான். நான்தான் போயிட்டேனோன்னு கிள்ளிப் பாத்தேன். வலிச்சிது. அப்ப வேற எவன்னு பாக்க எழுந்து வந்தேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாஞ்சாலி சிரிக்கவில்லை.

"எவ கை அது? எவ அடிச்சா?"

"என் கைதான்" என்றாள் அம்மணி.

"என் வயித்துல நெருப்பக் கொட்டிட்டியேடி! புள்ளைக்கின்னு கொண்டாந்த கூழுச் சட்டிய ஒதைச்சிட்டு ஓடியாறேன். என் தாலிய அறுத்துப்போட்டுட்டுப் போவத்தான் டவுனுலேர்ந்து வந்தியா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் அம்மணி தடியைக் கீழே போட்டாள். தாலியைத் தொட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து சைக்கிளில் வந்து இறங்கினார் கொல்லைக்குச் சொந்தக்காரரான ரெட்டியாருடைய காரியஸ்தர் சக்கரபாணி. "இன்னா கூத்து இது? செடியப் போட்டுட்டு மொத்தமா ஓடியாந்துட்டீங்க? மழை தலைக்கு மேல நிக்கிது. பொழுது சாயறதுக்குள்ள அந்தக் கொல்லை முடியலன்னா இன்னிக்கு ஒருத்தருக்கும் கூலி இல்லை, ஆமாம்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர்களில் மூத்தவராக இருந்தவர் தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்தார். அவர்தான் ஜெபவீட்டில் ஆராதனை நடத்தும் உபதேசியார். ஆராதனை இல்லாத நேரத்தில் அவருக்கும் கூலி வேலைதான்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் சின்னதுரையிடம். "மல்லாட்டை புடுங்கற காலத்துல ஆராதனை சாயங்காலம்தான். மழைக்கு ஞாயித்துக்கெழமை தெரியுமா? நீங்க இன்னொரு நாளைக்கு வாங்க."

இன்னொரு நாள். சின்னதுரையின் முகம் ஜெயத்துக்குத் தெரிந்தது. இன்னொரு நாள் கிடையாது. இங்கிருந்து இப்படியே போனால் அவன் இனி எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கமாட்டான்.

ஜெயம் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் அல்ல. சொந்தச் சபையிலேயே ஆமென் சொன்னால் பக்கத்தில் இருப்பவளுக்குத்தான் கேட்கும். ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா, வேலை கெட்டது எங்களாலதான். நாங்களும் வந்து காய் ஆயறோம். எங்களுக்குக் கூலி வேணாம்."

சின்னதுரை அவளைப் பார்த்தான். தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். பிறகு பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையை மடித்து மகளிடம் கொடுத்தான்.

"ரயில்வே ஆளுக்கு மல்லாட்டை புடுங்கத் தெரியுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சல்லிக்கல்லு அள்ற கைய்யா இது. உங்க மண்ணு இதுக்குப் பஞ்சு மாதிரி."

ஆண்கள் செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். பெண்கள் வட்டமாகக் குந்திச் செடியிலிருந்து காயை ஆய்ந்தார்கள். சின்னதுரை வேகத்தில் காயை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வெறும் செடியைப் பிடுங்கினான். "தண்டவாளத்தைப் புடுங்கற மாதிரி புடுங்காதய்யா, புள்ளையத் தூக்கற மாதிரி தூக்கு" என்று சொல்லிக்கொடுத்தார்கள். மண்ணாங்கட்டி வரப்பில் உட்கார்ந்து, செத்துப் பிழைத்தவன் என்கிற உரிமையில் எல்லாருக்கும் உத்தரவு போட்டான். அம்மணி பாஞ்சாலி பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்தாள். அவள் கை நிற்கவே இல்லை.

வெகு நேரம் கழித்துப் பாஞ்சாலி கேட்டாள். "உன் வூட்டுக்காரரு எங்க?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"வேலைக்குன்னு போனாரு. பல வருசமாச்சு. எந்த மணி கேட்டாலும் எனக்கும் இங்க திக்குன்னுதான் இருக்கும். அது தெரிஞ்சும் உனக்கு அடிச்சிட்டேன் பாரு."

பாஞ்சாலி தன் மடியிலிருந்த வெற்றிலையில் பாதியைக் கிள்ளி அம்மணி கையில் வைத்தாள்.

உச்சிப்பொழுது தாண்டியது. கூழ்ச்சட்டிகளில் பாதி ஓட்டத்தில் கவிழ்ந்திருந்தன. மிச்சத்தை நாய்கள் பார்த்துக்கொண்டன. பிள்ளைகள் பச்சைக் காயைத் தின்றுகொண்டிருந்தார்கள். ஜெயத்தின் கண் வரப்பில் இருந்த பானைமேல் போயிற்று.

எழுந்து உபதேசியாரிடம் போனாள்.

"ஐயா, இது பிடியரிசி. கோயில் கூடையில கொட்டறதுக்குக் கொண்டாந்தது. ஜெபம் பண்ணிக் கொட்டாம சமைக்கக் கூடாது. கோயிலுக்குப் போயி அந்தக் கூடைய எடுத்தாரட்டுமா?"

உபதேசியார் பானையைப் பார்த்தார். பசியில் வாடிய கூட்டத்தைப் பார்த்தார். காய் சுமக்கிற கூடை ஒன்றைத் தலைகீழாகத் தட்டி, மண்ணை உதறி, துண்டை அதற்குள் விரித்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுல கொட்டும்மா. இதுவும் அவரு கூடைதான்."

ஜெயம் வெள்ளைத் துணியை அவிழ்த்துப் பானையைச் சாய்த்தாள். அரிசி சரசரவென்று இறங்கியது. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலையில் இடமில்லாமல் போன அந்தப் பிடியையும் போட்டாள். உபதேசியார் கண்ணை மூடி ஜெபித்தார். சின்ன ஜெபம், அடுப்பு காத்திருந்தது.

கல் கூட்டி, காய்ந்த மல்லாட்டைக் கொடியை எரித்துக் கஞ்சி காய்ச்சினார்கள். கொல்லையிலேயே உட்கார்ந்து குடித்தார்கள். பாஞ்சாலியின் பிள்ளை இரண்டாம் தடவையும் கையேந்தி வாங்கியது. யார் வீட்டு அரிசி என்று அதற்குத் தெரியாது. ஜெயத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. விழுப்புரத்துக் கூடைக்கு இன்றைக்குத்தான் பதில் சொன்னதுபோல இருந்தது.

பொழுது சாய்வதற்குள் கொல்லை முடிந்தது. சக்கரபாணி வந்து பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கூலிக் காயை அளந்து போட்டார். கோயில் கூரைக்குள் எல்லாரும் நுழைவதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது.

கை கால் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பழக்கதோஷத்தில் ஜெயம் கடைசியில் சுவரோரமாக ஒதுங்கினாள்.

"அங்க இன்னா பல்லி மாதிரி ஒட்டிக்கினு? ஓட்டுல ஒழுவும், முன்னால வா" என்று பாஞ்சாலி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

பாட்டு முடிந்ததும் உபதேசியார் சின்னதுரையைப் பார்த்தார். "உங்களைச் சபைக்குச் சொல்லணும். எந்தச் சபைங்க நீங்க?"

சின்னதுரை எழுந்து நின்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நகக்கண்ணில் மட்டும் செம்மண். அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

"விழுப்புரத்துல இருந்தோம்ங்க" என்றான். "இப்ப இந்தச் சபைதாங்க. நீங்க சேத்துக்கினீங்கன்னா."

"சாவு மணி அடிச்சிச் சேந்த சபை இது ஒண்ணுதான்" என்று மண்ணாங்கட்டி குரல் கொடுத்தான். ஓட்டுக்கு மேலே மழை, கீழே சிரிப்பு. ஜெயம் ஆமென் சொன்னாள். பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டுமல்ல, நாலு பேருக்குக் கேட்டது.

மழை விட்டதும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். உபதேசியார் கூடவே புங்கமரம்வரை வந்தார். ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமலே நடந்துவந்தவர், அங்கே நின்றார்.

"அம்மா," என்றார் அம்மணியிடம், "நீங்க அடிச்ச அடி... சத்தம் அடங்கினப்புறம் அடுத்ததுன்னு... அதை எங்க கத்துக்கினீங்க?"

"ஏங்க?"

"இந்தத் தண்டவாளத்தைக் கொண்டாந்து கட்டினவரு மொத நாளு இப்படித்தான் அடிச்சாரு. அன்னிக்கும் ஊரே ஓடியாந்துச்சு. அப்புறம்தான் அது சாவுக்குன்னும், வேகமா அடிச்சா ஆராதனைக்குன்னும் வச்சிக்கினோம். ஆனா நாங்க அடிச்சா சத்தம் முழுக்க அடங்கறதுக்குள்ள அடுத்த அடி வுழுந்துடும். அவரு கைக்கு அப்புறம் அந்த அடிய இன்னிக்குத்தான் கேட்டேன்."

ஜெயம் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அம்மணியின் கை தாலிக்குப் போய்விட்டது.

"யாரு அவரு?" என்றான் சின்னதுரை.

"ரயில்ல மேஸ்திரியா இருந்தேன்னு சொல்லுவாரு. விருத்தாசலம்னு பேரு. இப்ப எங்க இருக்கறாருன்னு யாருக்கும் தெரியாது. ஆனா வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு முந்தி ஒரு நாளு வருவாரு. இந்தக் கயித்த மாத்திக் கட்டிட்டுப் பேசாம போயிடுவாரு."

அம்மணி அண்ணாந்து பார்த்தாள். மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த அந்தக் கயிறு நைந்துபோய், இரண்டு புரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். காலிப்பானை ஜெயத்தின் மடியில் லேசாக இருந்தது. பெரிய கூட்டுச்சாலை வருகிறவரைக்கும் அம்மணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏ ஜெயம், நாளைக்கு அந்தப் பானையில மொதப் பிடி நான் போடறேன்."

"சரிங்க அண்ணி."

"தொரை கிட்டச் சொல்லி வை. கிறிஸ்மஸ் வரைக்கும் ஒரு வாரம்கூடத் தப்பக் கூடாது. அந்தக் கயித்த வேற யாரும் மாத்திடக் கூடாது."